2050இல் சென்னை எதை நம்பலாம்: கடலா, ஏரியா, கழிவுநீரா?

2019 ஜூன் மாதம் எங்கள் வீட்டு சம்ப்பில் தண்ணீர் அளக்க ஒரு மூங்கில் குச்சி வைத்திருந்தோம். சாண் கணக்குக்கு அதில் கரியால் கோடு போட்டிருந்தார் அப்பா. இரண்டாவது கோடு நனைந்தால் எல்லாரும் குளிக்கலாம். முதல் கோடுதான் நனைகிறது என்றால் ஆளுக்கு அரை வாளி. அதற்கும் கீழே போனால் சமையலுக்கும் குடிக்கவும் மட்டும். இரவு இரண்டு மணிக்குத் தெருமுனையில் லாரி சத்தம் கேட்டால் வீடு முழுக்க எழுந்து உட்காரும். அது நம் வீட்டுக்கு வந்த லாரியா, எதிர் வீட்டுக்கு வந்ததா என்று தெரியும்வரை யாருக்கும் தூக்கம் வராது.

அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கிலும் சேர்த்து இருந்த தண்ணீர் மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. வழக்கமாக நாளொன்றுக்கு 830 எம்.எல்.டி., அதாவது 83 கோடி லிட்டர் கிடைத்த நகரத்துக்கு 525தான் கொடுக்க முடிந்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் ரயிலில் வந்தது. வில்லிவாக்கத்தில் இறக்கி, குழாய் வழியே கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாதிரி ஒரு நாளைக்கு நான்கு நடை வந்தாலும் ஒரு கோடி லிட்டர்தான். தேவையோ 83 கோடி.

இனி இருபது, முப்பது ஆண்டுகளுக்குச் சென்னையின் குடிநீரை எந்த மூலத்தை நம்பித் திட்டமிடுவது என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தக் குச்சிதான் ஞாபகம் வருகிறது. ஒவ்வொரு திட்டத்தையும் அதன் நல்ல வருடத்தை வைத்து விளம்பரம் செய்வார்கள். நான் இங்கே மோசமான வருடத்தை வைத்து ஒப்பிடப் போகிறேன். 2019 ஒரு பரீட்சை மாதிரி. அதில் யார் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் செலவுக்கு வரலாம்.

கணக்கு சுலபமாக இருக்க ஒரே ஒரு விஷயம். இன்றைக்கு நகரத்துக்குத் தினமும் சுமார் 1,000 எம்.எல்.டி. போகிறது. ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். ஆக, மாதத்துக்கு ஒரு டி.எம்.சி.க்குக் கொஞ்சம் மேலே என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வெளியூர்த் தண்ணீரை முதலில் பார்த்துவிடலாம். 1976இல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் கிருஷ்ணா நதி நீரில் தலைக்கு 5 டி.எம்.சி. சென்னைக்கு விட்டுக்கொடுக்க ஒப்புக்கொண்டன. 1983இல் ஆந்திரத்தோடு போட்ட தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி, வழியில் ஆவியாவது போக 12 டி.எம்.சி. தமிழக எல்லைக்கு வந்து சேர வேண்டும். 1996இல் முதல் தண்ணீர் பூண்டிக்கு வந்தது. ஆனால் பெரும்பாலான வருடங்களில் வந்தது அந்த 12க்கு வெகு கீழே. 2019இல் நமக்கு வறண்ட அதே நேரத்தில், அந்தத் தண்ணீரைத் திறந்துவிடும் ஆந்திரத்தின் கண்டலேறு அணையும் வற்றிக் கிடந்தது. செப்டம்பர் கடைசியில்தான் திறந்துவிட்டார்கள். வீராணம் வேறு மாதிரி. 2004இலிருந்து 235 கிலோமீட்டர் குழாயில் 180 எம்.எல்.டி. வருகிறது. 2018இல் மேட்டூர் நிரம்பியிருந்ததால், சென்னையில் மழை பொய்த்த பிறகும் வீராணம் கைவிடவில்லை. நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு: வேறொரு மழையில் நிறையும் ஏரி, நம் மழை பொய்க்கும்போது காப்பாற்றும். ஆனால் அது கடலூர் மாவட்ட விவசாயிகளின் ஏரி. காவிரியில் தண்ணீர் இல்லாத வருடம் அவர்கள் வயலுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். இதற்கு மேல் தூரத்துத் தண்ணீரில் திட்டம் போடுவது, அடுத்த வீட்டு அடுப்பில் நம் உலையை வைப்பது மாதிரி.

அடுத்து ஏரிகள். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம். சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. மாநகராட்சியின் 426 சதுர கிலோமீட்டரில் மட்டும் விழும் மழையைப் பெருக்கிப் பார்த்தால் 21 டி.எம்.சி. வருகிறது. நகரம் ஒன்றரை வருடத்துக்கும் மேல் குடிக்கும் தண்ணீர் அது. ஆனால் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதிலும் ஒரு சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நம் ஐந்து நீர்த்தேக்கங்களின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11.75 டி.எம்.சி. அவை முழுதாக நிரம்பினால் ஒரு வருடம் ஓட்டலாம். இரண்டு மழை அடுத்தடுத்துப் பொய்த்தால் முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அந்த வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் 2.5 டி.எம்.சி. கடலுக்குப் போகும். செம்பரம்பாக்கத்தின் மொத்தக் கொள்ளளவே 3.6தான். அப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு வெள்ளம் புகுந்த தெருவில் நான்கு வருடம் கழித்து லாரிக்குக் காத்திருந்தார்கள். இதை விடப் பெரிய வேதனை இந்த ஊருக்கு வேறு என்ன இருக்க முடியும்?

அப்படியென்றால் இன்னும் பெரிதாக அணை கட்டலாமே என்று தோன்றும். இடம் எங்கே? பூண்டிக்கு 1940இல் அடிக்கல் நாட்டினார் மேயராக இருந்த சத்தியமூர்த்தி. 1944இல் முடிந்துவிட்டது. கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் நிலம் எடுப்பதில் இழுத்து இழுத்து 2020 நவம்பரில்தான் திறந்தது. கொள்ளளவு வெறும் அரை டி.எம்.சி. கோவளத்துக்குப் பக்கத்தில் 1.6 டி.எம்.சி.க்கு ஆறாவது நீர்த்தேக்கம் என்று 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். மூவாயிரம், நாலாயிரம் ஏக்கர் எடுத்தால் ஒன்றரை மாதத் தண்ணீர் சேர்க்கலாம் என்பதுதான் நம் சமதளத்தின் கணக்கு. இன்னொன்றும் உண்டு. நம் நீர்த்தேக்கங்கள் ஆழமில்லாதவை. ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பில் தினம் 5 மில்லிமீட்டர் ஆவியானால் 50 லட்சம் லிட்டர் வானத்துக்குப் போகிறது. ஜோலார்பேட்டை ரயில் இரண்டு நடையில் கொண்டுவந்தது அவ்வளவுதான். ஒவ்வொரு நீர்த்தேக்கத்தின் பரப்பும் பல சதுர கிலோமீட்டர்.

அதனால் புது அணையை விட, இருக்கிற ஏரிகளைத் தூர்வாரி, வரத்துக்கால்களைத் திறந்து, கலங்கல்களைச் சரிசெய்வதுதான் புத்தி என்பேன். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மூன்றும் ஏரி மாவட்டங்கள். ஒன்று நிறைந்தால் அதன் கலங்கல் வழியே அடுத்ததற்குப் போகும்படி வெட்டிவைத்த சங்கிலி அது. நகரத்துக்குள் அந்தச் சங்கிலியை நாம்தான் அறுத்தோம். தியாகராய நகரே ஒரு நீண்ட ஏரியைத் தூர்த்துக் கட்டியதுதான். ஆனாலும், பரீட்சை என்று வந்தால் ஏரிகள் 2019இல் பூஜ்யம். மழை வந்தால்தான் ஏரி. இதை மறைக்க நான் விரும்பவில்லை.

ஏரியின் இன்னொரு பாதி மண்ணுக்குள் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வயதான அம்மா வீட்டில் உறைக் கிணறு உண்டு. 2003இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மொட்டை மாடிக் குழாயை வடிகட்டித் தொட்டி வழியாக அந்தக் கிணற்றுக்கே திருப்பிவிட்டார். வருடா வருடம் புரட்டாசியில் ஆள் வைத்து ஜல்லியையும் மணலையும் வெளியே எடுத்துக் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவார். “முன்னெல்லாம் இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுப்பா, இப்ப வேகுது” என்று ஒருமுறை சொன்னார். உப்புக் குறைந்ததற்கு அதை விட நல்ல ஆய்வுக்கூடச் சான்று எனக்குத் தெரியாது. 2019இல் அவர் கிணற்றில் உறை நான்கு இறங்கித்தான் தண்ணீர் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. அதே தெருவில் பல வீடுகளில் வடிகட்டித் தொட்டி சட்டத்துக்காகக் கட்டியது. மூடியைத் திறந்தால் சேறு.

ஆயிரம் சதுர அடி மாடியில் ஆண்டுக்கு 1,30,000 லிட்டர் மழை விழுகிறது. நாலு பேர் குடும்பம், ஆளுக்கு 135 லிட்டர் என்று கணக்கிட்டால் வருடத்துக்கு 1,97,000 லிட்டர் வேண்டும். தனி வீட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கு மேலேயே விழுகிறது. பத்து மாடி அடுக்ககத்தில் அந்த மாடியைப் பத்தாகப் பிரிக்க வேண்டும். அதனால் மழைநீர் சேகரிப்பு எல்லாருக்கும் எல்லாவற்றையும் தராது. ஆனால் செலவு மிகக் குறைவு, ஆவியாகாது, நிலம் எடுக்க வேண்டாம்.

மண்ணடித் தண்ணீரைக் காப்பாற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மீஞ்சூரே சாட்சி. ஆரணி–கொசஸ்தலை ஆற்றுப்படுகையில் நகரத்துக்கும் தொழிற்சாலைக்கும் வயலுக்குமாகப் பல ஆண்டுகள் உறிஞ்சியதில் கடல்நீர் பத்து கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது. ஒரு முறை உப்பேறிய நிலத்தை மீட்பது ஒரு தலைமுறை வேலை.

சரி, கடலுக்கு வருவோம். மழைக்குக் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் கடல்நீர்த் திட்டத்தின் பெரிய பலம், அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தலா 100 எம்.எல்.டி. ஆலைகள் வந்தன. 2019இல் நகரம் பிழைத்ததற்கு அந்த இரண்டும் வீராணமும் முக்கியக் காரணம். 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் இன்னொரு 150 சேர்ந்தது. பேரூரில் 400 எம்.எல்.டி. ஆலைக்கு 2023இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். அதுவும் முடிந்தால் மொத்தம் 750. இன்றைய தேவையில் முக்கால் பங்கு.

விலைதான் கேள்வி. காட்டுப்பள்ளியில் தொடக்கத்தில் பேசிய விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த நீரைச் சவ்வு வழியே பிழிந்து உப்பைப் பிரிக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். பேரூர் ஆலை முழுத் திறனில் ஓடினால் தினம் 12 முதல் 16 லட்சம் யூனிட். கடல் கலங்கும் நாட்களில் ஆலையின் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். பிழிந்துவிட்டு மிஞ்சும் கெட்டி உப்புநீர் திரும்பக் கடலுக்குத்தான் போகிறது. அந்தக் கரையில் வலை போடுகிறவர்களின் முறையீட்டைத் திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் தள்ளிவிடக் கூடாது.

இன்னொரு சிக்கலை ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் அனுபவித்தது. நீண்ட வறட்சியில் பயந்துபோய்ப் பெரிய கடல்நீர் ஆலை ஒன்றைக் கட்டினார்கள். 2012இல் அது முடிந்தபோது மழை வந்து அணைகள் நிரம்பியிருந்தன. 2017வரை அதிலிருந்து நகரத்துக்கு ஒரு சொட்டு வாங்கவில்லை. ஆனால் ஆலைக்கான நிலையான கட்டணத்தை மக்கள் கட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். வறட்சியில் எடுக்கும் முடிவின் விலை மழை பெய்யும் வருடங்களிலும் வந்துகொண்டிருக்கும். அதற்காக மெல்பர்ன் செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. காப்பீட்டுக்குப் பணம் கட்டியவன் விபத்து நடக்கவில்லை என்று வருத்தப்பட மாட்டான். ஆனால் சம்பளம் முழுவதையும் காப்பீட்டுக்கே கட்டவும் மாட்டான்.

இனி, பலர் முகம் சுளிக்கும் வழி. நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.

வீட்டுக்கு வரும் தண்ணீரில் எண்பது சதவீதம் சாக்கடையாகத் திரும்பிப் போகிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று நகரத்தின் சுத்திகரிப்பு நிலையங்களின் திறன் 700 எம்.எல்.டி.க்கு மேல். 2019இல் ஏரி வற்றியது. கழிவுநீர் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. நிற்காத ஆறு ஒன்று நகரத்தின் அடியிலேயே ஓடுகிறது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். அதில் லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் உப்புதான். அதனால் சவ்வில் பிழிய ஆகும் மின்சாரம் கடல்நீருக்கு ஆவதை விடப் பல மடங்கு குறைவு. போதாததற்கு, அதே நிலையங்களில் கசடிலிருந்து வரும் எரிவாயுவைக் கொண்டு மின்சாரமும் எடுக்கிறார்கள்.

இது புதுசும் இல்லை. மணலித் தொழிற்சாலைகள் 1990களிலேயே கழிவுநீரை வாங்கித் தாங்களே சுத்தம் செய்து பயன்படுத்தத் தொடங்கிவிட்டன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தலா 45 எம்.எல்.டி. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) ஆலைகள் வந்தன. ஒன்று மணலி, எண்ணூர்ப் பக்கம் கொடுக்கிறது, மற்றது இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம். தொழிற்சாலைக்குப் போகும் ஒவ்வொரு லிட்டரும் நம் குடத்துக்கு மிச்சம். நெசப்பாக்கத்தில் 10 எம்.எல்.டி. அளவுக்கு மூன்றாம் கட்டம் வரை சுத்தம் செய்து போரூர் ஏரிக்கு விடும் திட்டமும், பெருங்குடியில் அதே அளவில் இன்னொன்றும் போட்டார்கள்.

“சாக்கடைத் தண்ணியையா குடிக்கச் சொல்றீங்க?” என்று என் சித்தியே கேட்டார். நியாயமான கேள்வி. நமீபியாவின் விண்ட்ஹோக் நகரம் 1968இலிருந்து சுத்திகரித்த கழிவுநீரை நேரடியாகக் குடிநீரில் கலந்து குடிக்கிறது. சிங்கப்பூர் 2003இலிருந்து செய்கிறது. பெரும்பகுதி தொழிற்சாலைக்கு, கொஞ்சம் நீர்த்தேக்கத்துக்கு. எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு மாவட்டம். அங்கேயும் மீஞ்சூர் மாதிரியே கடல் நிலத்துக்குள் வந்தது. 1970களிலிருந்து சுத்திகரித்த கழிவுநீரைக் கரையோரக் கிணறுகளில் இறக்கி, கடலுக்கு எதிராக மண்ணுக்குள் ஒரு நன்னீர்ச் சுவரே எழுப்பிவிட்டார்கள். இதே வேலையைக் கொசஸ்தலைப் படுகையில் செய்தால் குடிநீரும் சேரும், கெட்டுப்போன நிலத்தடியும் மெல்ல மீளும். மண்ணில் சில மாதம் தங்கி வரும் தண்ணீரை மக்கள் ஏற்பதும் சுலபம்.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. சாக்கடையில் தொழிற்சாலைக் கழிவைக் களவாகக் கொட்டினால் எல்லாம் கெடும். அதைப் பிடிக்கக் காவல் வேண்டும். தினசரிப் பரிசோதனை முடிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். விண்ட்ஹோக்கில் மக்கள் இத்தனை வருடம் குடிப்பது சோதனையை நம்பித்தான். இங்கே அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்கப் பத்து வருடம் ஆகும். அதனால்தான் இப்போதே தொடங்க வேண்டும் என்கிறேன். வறட்சி வந்தபிறகு ஆலை வாங்கிவிடலாம், நம்பிக்கையை வாங்க முடியாது.

கசிவைப் பற்றி ஒரு பத்தி போதும், முக்கியம் குறைவு என்பதால் இல்லை, வாதமே தேவையில்லை என்பதால். சென்னை வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். எங்கே எவ்வளவு ஒழுகுகிறது என்று அளக்காத ஊர், நாற்பத்தெட்டு ரூபாய்த் தண்ணீரை ஓட்டைக் குழாயில் ஊற்றுகிறது. கேப் டவுன் 2018 வறட்சியில் ஆளுக்கு 50 லிட்டர் என்று கட்டுப்பாடு போட்டு, மூன்று வருடத்தில் நகரத்தின் மொத்தத் தண்ணீர்ச் செலவைச் சுமார் பாதியாகக் குறைத்தது. நம்மிடம் ஆளுக்கு எவ்வளவு போகிறது என்ற எண்ணே வீடுவாரியாக இல்லை. மீட்டர் வைக்கும்போது அடிப்படைத் தேவைக்கான அளவுக்குக் கட்டணம் போடாமல் விட்டுவிடலாம். அடிபம்பையும் தெருக்குழாயையும் நம்பி இருக்கிறவர்களின் பங்கு அதனால் கூடுமே தவிரக் குறையாது.

என் கையில் முடிவு இருந்தால் வரிசை இப்படிப் போகும். பேரூர் முடியட்டும். நகரத்தின் காப்பீடாக 750 எம்.எல்.டி. போதும். நல்ல மழை வருடங்களில் அதைக் குறைந்த வேகத்தில் ஓட்டும்படி ஒப்பந்தம் எழுத வேண்டும், அடுத்த கடல் ஆலைக்கு இப்போது கையெழுத்துப் போட வேண்டாம். அந்தப் பணத்தில் முதல் பங்கு கழிவுநீருக்கு. தொழிற்சாலைகளுக்குப் போகும் 90 எம்.எல்.டி.யை 200க்குக் கொண்டுபோய், நெசப்பாக்கத்திலும் பெருங்குடியிலும் பத்தாக இருப்பதை நூறாக ஆக்க வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கரையோரக் கிணறுகளைச் சோதனைக்குத் தொடங்க வேண்டும். இரண்டாவது பங்கு மீட்டருக்கும் பழைய குழாய்க்கும். மூன்றாவது, ஏரிச் சங்கிலிக்கு. அணை கட்டும் செலவை விடத் தூர்வாரும் செலவு குறைவு, ஆனால் ஆக்கிரமிப்பை எடுப்பது பணத்தால் மட்டும் முடியாது. அதனால் அது மெதுவாகத்தான் நடக்கும், அதை எதிர்பார்த்தே திட்டம் போட வேண்டும். வெளியூர்த் தண்ணீர் வரும் அளவு வரட்டும், கணக்கில் பாதியாக மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த வரிசையில் 2019 மாதிரி ஒரு வருடம் மறுபடி வந்தால், ஏரி முழுக்க வற்றினாலும் கடலும் கழிவுநீரும் வீராணமும் சேர்ந்து ஆயிரத்தைத் தொட்டுவிடும். ஏரி நிறைந்த வருடத்தில் மின்சாரச் செலவு குறையும், கிணறுகள் ஊறும்.

அந்த மூங்கில் குச்சி இன்னும் எங்கள் வீட்டுச் சம்ப் மூடிக்குப் பக்கத்தில்தான் சாத்தி இருக்கிறது. கரிக்கோடு மங்கிவிட்டது. போன பங்குனியில் அப்பா அதை எடுத்துப் புதிதாகக் கோடு போட்டு வைத்தார்.